பெங்களூருக்குப் போன நோயாளி

இன்று காலை வடசேரியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது, ஒரு பேக்கரியின் பின்கட்டிலிருந்து ஈஸ்ட் வாசனை வந்தது. மாவு அளவுக்கு மீறிப் புளித்துவிட்டது போலிருக்கிறது. எனக்கு முன்னால் போனவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தார். நான் நின்றுவிட்டேன். தபால் ஆபீஸ் கவுண்டரைத் திறக்க வேண்டியவள் நான், நேரமும் ஆகிக்கொண்டிருந்தது, ஆனாலும் கால் நகரவில்லை. இந்த வாசனை வந்தால் நீ கண்ணை மூடிக்கொண்டு, "உயிரோட இருக்கு, கேட்டியா" என்பாய். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிற வாய் அது. ஈஸ்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவது போல இருக்கும்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இன்னும் உன் நினைப்போடு முதலில் வருவது கோபம்தான். அதனால்தான் ஆபீஸ் முடிந்து வந்ததும் வராததுமாக இதை எழுத உட்கார்ந்தேன்.

பெங்களூர்ப் பயணத்தை ஆரம்பித்தவள் நீ. உன் ஊர் அருமனையில் கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டுக்கு வீடு திராட்சை ஒயின் போடுவார்கள். உன் பீங்கான் பரணியில் ஊறுகிற ஒயினுக்கு மட்டும் இரண்டு மாதம் முன்பே சொல்லி வைப்பார்கள். கேக்கோடு ஒரு சின்னக் கிளாஸ், அதை யாரும் குடி என்று சொல்வதில்லை. பியர் என்றால் கதை வேறு. அந்தப் பேச்சை எடுத்தாலே உன் மாமியார் எழுந்து ஜெபம் பண்ணப் போய்விடுவார்.

நாகர்கோவிலில் நாம் வழக்கமாகச் சந்திக்கிற டீக்கடையில் ஒரு சனிக்கிழமை குரலைத் தாழ்த்திச் சொன்னாய். "பெங்களூர்ல கடைக்குள்ளயே பியர் காய்ச்சுறாவ மக்கா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கலாமாம். கோதுமையில ஒண்ணு, வறுத்த பார்லியில ஒண்ணு. நமக்கு ஒருக்கா போவாண்டாமா?"

நாற்பத்தெட்டு வயதில் நாம் இரண்டு பேர், பியர் குடிக்கப் பெங்களூருக்கு. எனக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. நீ சிரிக்கவில்லை. பையிலிருந்து ரெக்கார்டு நோட்டுத் தாள் ஒன்றை எடுத்து, அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டாய். காலையில் ஊர் பார்ப்பது, மத்தியானம் ஒரு கடை, ஒரு கடையில் ஒரே வகை, வெளிச்சம் இருக்கும்போதே அறைக்குத் திரும்புவது. ஊர் பார்க்கிற கட்டங்களை என்னிடம் விட்டாய். கப்பன் பூங்கா, பசவனகுடி நந்தி, லால்பாக் என்று நிரப்பினேன். வியாழக்கிழமை காலைக் கட்டத்தில் திப்புவின் அரண்மனையை எழுதினேன். நீ ரப்பரை எடுத்து அழித்தாய். மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தாய்.

"அன்னைக்கு எனக்கு ரெஸ்ட். நீ வேணும்னா லால்பாக்கை அன்னைக்கு மாத்திக்கோ."

"ஒரு நாள் ரயில்ல போறதுக்கே ரெஸ்ட்டா? வயசாயிட்டு ஒனக்கு" என்றேன். இப்போது அந்த வார்த்தையை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வீட்டில் என்ன சொல்வது என்பதுதான் பெரிய பாடு. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார், நான் பதில் சொல்ல வேண்டிய ஆள் வீட்டில் இல்லை. உனக்கு மாமியார், வீட்டுக்காரர், கல்யாணத்துக்கு நாள் குறித்த மகள். "அதை நான் பாத்துக்கிடுவேன்" என்றாய். நீ பார்த்துக்கொண்ட லட்சணம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரிந்தது.

சோறு வடித்துக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து ஒரு வயதான அம்மாவின் குரல். "மக்ளே, ஒண்ணும் பயப்படாண்டாம். இன்னைக்கு ஆராதனையில ஒனக்கு வேண்டி எல்லாரும் எந்திரிச்சு நின்னு ஜெபிச்சோம். அந்தக் கட்டியைக் கர்த்தர் கரைச்சிருவாரு."

எந்தக் கட்டி என்று கேட்க வாய் வரை வந்தது. எப்படியோ "சரி அம்மச்சி" என்று சொல்லி வைத்தேன். அதற்கப்புறம் இன்னும் மூன்று பேர். கடைசியில்தான் எனக்கு விளங்கியது. எனக்கு மார்பில் கட்டி என்றும், பெங்களூரில் பெரிய டாக்டரிடம் காட்டப் போகிறேன் என்றும், துணைக்கு ஆளில்லாததால் நீ கூட வருகிறாய் என்றும் வீட்டில் சொல்லியிருக்கிறாய். உன் மாமியார் சும்மா இருப்பாரா? என் பெயரை ஜெபச் சீட்டில் எழுதிக் காணிக்கையோடு வைத்து, கேட்டவர்களுக்கு என் நம்பரையும் கொடுத்துவிட்டார். பரீட்சைக்குப் போனாலும், கல்ஃபுக்கு விமானம் ஏறினாலும், ஆபரேஷன் என்றாலும் உங்கள் சபையில் சீட்டு வைப்பதுதான் வழக்கம், போதகர் பெயர் சொல்லிப் படிப்பார். அங்கேயே ஞானஸ்நானம் எடுத்து வளர்ந்தவள் நீ, இதை எப்படி மறந்தாய்? நான் சுசீந்திரத்துக்காரி, எனக்குச் சபையும் தெரியாது, சீட்டும் தெரியாது. என் பெயரைச் சொல்லி ஒரு கோயில் நிறைய ஜனங்கள் எழுந்து நின்றிருக்கிறார்கள்.

உடனே உனக்குப் போன் போட்டேன். "ஏட்டி, சொல்லுததுக்கு ஒனக்கு வேற நோயே கெடைக்கல்லியா? காய்ச்சல், மூட்டு வலி, எத்தனை கெடக்கு?"

நீ கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "வாயில அதுதான் வந்துச்சு" என்றாய்.

செவ்வாய்க்கிழமை நாகர்கோவிலில் ரயில் ஏறினேன். குழித்துறை வரும்வரை எனக்கு வெப்ராளம்தான், யார் என்ன கேட்பார்களோ என்று. அங்கே உன் வீட்டுக்காரர் உன்னை ஏற்றிவிட வந்து ஜன்னலோரம் நின்று, "எல்லாம் சரியாவும், கேட்டியளா. அவ கூட இருக்கால்லா" என்றார். அந்த மனிதருடைய கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீ என் காதோரம் குனிந்து, "செத்த நேரம் சாஞ்சு இரு, நோயாளி மாதிரி" என்றாய். உன் சபைக்காரர் ஒருவருடைய தம்பி என்னை அழைத்துப்போக பெங்களூர் ஸ்டேஷனுக்கு வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பயந்து மறுநாள் காலை முந்தின ஸ்டேஷனான கிருஷ்ணராஜபுரத்திலேயே இறங்கிவிட்டோம். திருடர்கள் மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நீ அவரிடம் போனில், வேறு ஏற்பாடு ஆகிவிட்டது என்று சொல்லும்போது உன் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. பொய் சொல்ல இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று நினைத்தேன்.

புதன் மத்தியானம் முதல் கடை. கண்ணாடிக்குப் பின்னால் ஆள் உயரத்தில் தொட்டிகள் நின்றன. கோதுமை பியர் வந்தது, மேலே வெள்ளை நுரை. நீ மோந்து பார்த்தாய், ஈஸ்ட்தான் இந்த வாழைப்பழ மணத்தைக் கொடுக்கிறது என்று பாடம் எடுத்தாய், தொட்டி கழுவுகிறவரிடம் போய் எத்தனை டிகிரியில் புளிக்க விடுவீர்கள் என்று கேட்டாய். ஆனால் கிளாஸில் உதட்டைத்தான் வைத்தாய். முக்கால்வாசி அப்படியே இருந்தது.

"இதுக்கா என்னை ஒரு ஊருக்கே நோயாளி ஆக்கினே?" என்று கேட்டேன்.

"நாளைக்குக் குடிக்கேன்" என்றாய்.

வியாழக்கிழமை காலை தலைவலி என்று படுத்துக்கொண்டு என்னை லால்பாக்குக்கு விரட்டினாய். கண்ணாடி மாளிகை வரை போனேன். தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்கப் போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டேன். மனசு கேட்கவில்லை, ஆட்டோ பிடித்துத் திரும்பினேன். அறை பூட்டியிருந்தது. லாட்ஜ்காரர் தமிழ் தெரிந்தவர். "கூட வந்த மேடமா? கேன்சர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கேட்டாங்க, எட்டரைக்கே போயிட்டாங்க" என்றார்.

அந்த வரவேற்பறை நாற்காலியில் நான் இருந்த இரண்டு மணி நேரத்தை உனக்கு எப்படிச் சொல்ல? முதலில் நம்பவில்லை. பிறகு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. அழித்த கட்டம், போனில் நீ பேசாமல் இருந்தது, வேறு நோயே கிடைக்கவில்லையா என்று நான் கேட்டது. எந்த வாசல் என்று தெரிந்திருந்தால் ஓடியிருப்பேன். அந்த ஊரில் எத்தனையோ கேன்சர் ஆஸ்பத்திரி, நீ எதற்குப் போனாய் என்று லாட்ஜ்காரருக்குத் தெரியவில்லை.

ஒரு மணிக்கு வந்தாய். கையில் பெரிய உறை. என்னைப் பார்த்ததும், "லால்பாக் போகல்லியா?" என்றாய்.

"கட்டி யாருக்குடி?" என்றேன்.

அறைக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் சொன்னாய். கட்டி இருப்பது உனக்கு இரண்டு மாதமாகத் தெரியுமாம். அன்று காலை ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, ஊசியால் சதை எடுத்திருக்கிறார்கள், முடிவு வர ஒரு வாரம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு நாலு மாதம் இருந்தது. முடிந்த பிறகுதான் வைத்தியம் என்றாய்.

"திருவனந்தபுரத்து கேன்சர் ஆஸ்பத்திரி பக்கத்துலதானே, அங்க ஏன் போகல்ல?"

"அங்க போனா பாதி அருமனை வரிசையில இருக்கும். சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சிரும். தாய்க்கு இருந்தா மகளுக்கும் வரும்னு சொல்லி ஒதுங்கிருவாவ. அவ அந்தப் பையன் மேல உசிரையே வச்சிருக்கா."

"நான் ஒனக்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுவேன். இப்பவே சொல்லுவேன்." போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

நீ தடுக்கவில்லை. கட்டிலில் இருந்தபடியே பார்த்தாய். "சொல்லு. ஆனா ஒண்ணு, அவளுக்குக் கல்யாணம் நின்னு போச்சுன்னா, நான் பொழைச்சாலும் ஒனக்க முகத்துல முழிக்க மாட்டேன்."

நான் போனை வைத்துவிட்டேன். உன்மேல் எனக்கிருக்கிற கோபம் பாதிதான், மீதி அந்தப் போனை வைத்த என்மேல். பல நாள் நினைப்பில் அந்த அறைக்குள் மறுபடி போய் நின்று அந்தப் போனை எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட உன் வீட்டுக்காரரிடம் பேசி முடிக்க முடிந்ததில்லை.

"பின்ன எதுக்குடி இந்தப் பியரும் ஊர் பாக்கதும்?" என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குன்னு மட்டும் பொறப்பட்டா பாதி வழியில எறங்கிருப்பேன் மக்கா. நீ சிரிச்சிட்டே கூட வந்ததுனாலதான் இவ்வளவு தூரம் வந்தேன்." பிறகு மடித்த கட்டத்தாளை எடுத்து நீட்டினாய். "மத்தியானத்துக்கு என்ன எழுதியிருக்கு? வறுத்த பார்லி. வா."

போனோம். கறுப்பாக, காப்பி நிறத்தில் இருந்தது. நீ நாக்கில் வைத்து, கண்ணை மூடி, "கரிப்பட்டி தீஞ்ச மாதிரி இருக்கு" என்றாய். ஒரு சொட்டு விடாமல் முழுக் கிளாஸையும் குடித்தாய். என் கிளாஸை நான் தொடவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் கொதித்துக்கொண்டிருந்ததை நீ பார்த்துக்கொண்டே இருந்தாய், நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நீ கொடுத்திருந்தது என் நம்பர். ஒரு வாரம் கழித்து அழைப்பு வந்தபோது கவுண்டரில் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். முடிவைச் சொன்னார்கள், உடனே வரச் சொன்னார்கள். உன் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சரி. மணி அடிச்சாச்சு, கிளாஸுக்குப் போறேன்" என்றாய்.

நாலு மாதம் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கல்யாணத்தன்று பட்டுச்சேலைக்குள் உன் தோள் எலும்பு தெரிந்தது. ஓடியாடிய அலைச்சல் என்றாய். பந்தியில் என் பக்கத்தில் வந்தவர்களெல்லாம் என்னிடம் உடம்பு விசாரித்தார்கள். நல்லா இருக்கேன் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. ஐந்தாம் நாள் நீ வீட்டுக்காரரிடம், இப்போதுதான் கட்டி தெரிகிறது என்று சொன்னாய். பெங்களூரை அப்போதும் நீ சொல்லவில்லை, என்னையும் சொல்லவிடவில்லை. அப்புறம் திருவனந்தபுரம், மருந்து, உதிர்ந்த முடி. ஒரு வருடம்கூட ஓடவில்லை.

உன்னை அடக்கம் செய்த அன்று, முதலில் எனக்குப் போன் செய்தாரே, அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒனக்கு வேண்டி ஜெபிச்சோம், நீ பொழைச்சிட்ட மக்ளே. இவளுக்கும் ஜெபிச்சோம், கேக்கல்லியே" என்று அழுதார். முதல் ஜெபமும் உனக்குத்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உன் பெட்டிக்குப் பக்கத்தில் பிழைத்தவளாக நின்றேன்.

போன சனிக்கிழமை உன் மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். உன் மூக்கு, உன் நடை. காப்பி போட்டு வைத்தேன். வெகுநேரம் குழந்தையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"ஆன்டி, ஒண்ணு கேட்டா தப்பா எடுக்க மாட்டியளே? அன்னைக்கு பெங்களூர்ல அம்மையும் ஒங்க கூட ஆஸ்பத்திரிக்கு வந்தாவல்லா. அவ்வளவு நேரம் அங்கதானே இருந்தாவ. 'நீயும் ஒருக்கா காட்டிக்கோ'ன்னு சொல்ல ஒங்களுக்குத் தோணல்லியா?"

நீ என்றால் சட்டென்று ஒரு பொய் சொல்லியிருப்பாய். எனக்கு அது வராது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் வந்துவிட்டது.

"தோணல்ல மக்ளே" என்றேன். "எனக்கு எனக்க பயம்தான் பெருசா இருந்துச்சு."

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். காப்பி அப்படியே ஆறிப்போயிருந்தது. தெருமுனை திரும்பும்வரை ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் இனி என் வீட்டுக்கு வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. வரவேண்டாம், அந்தக் கோபம் என்மேலேயே இருக்கட்டும். அவளுடைய கல்யாணத்துக்காகத்தான் நீ நாலு மாதம் காத்திருந்தாய் என்பது நான் இருக்கும்வரை அவளுக்குத் தெரியாது.