பகலில் எரியும் சீரியல் செட்

மரக்காணம்,
16-10-2005, ஞாயிறு.

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன பெருநாளுக்கு நீங்கள் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த சோலார் சீரியல் செட்டைக் கழற்றிவிடச் சொல்லி எழுதியிருந்தீர்கள். நான் கழற்றவில்லை.

அதை வேப்பமரத்தில் சுற்றிய அன்று, அதன் சோலார் தகட்டைக் கையால் மூடினால் ராத்திரி என்று நினைத்துப் பகலிலேயே எரியும் என்று நஸ்ரியாவுக்கு நீங்கள்தான் காட்டினீர்கள். குறை சொல்லவில்லை. அதிலிருந்து ஸ்டூலில் ஏறி மூடுவதும் திறப்பதுமே அவளுக்கு வேலை. "அம்மா, ராத்திரி ஆக்கிட்டேன் பாரு" என்பாள்.

டிசம்பரில், அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கடல் ஊருக்குள் வந்தபோது சீரியல் செட் மரத்தோடு நின்றுவிட்டது. ஸ்டூல் போய்விட்டது. அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிக்கு, உப்பளம் கண் கூசுகிற வெயிலில், அது எரிகிறது. அணைகிறது. மறுபடி எரிகிறது. பக்கத்து வீட்டு சாயிரா அக்கா, "ஒயருக்குள்ள உப்புத்தண்ணி போயிருக்கும்மா, வேற ஒண்ணுமில்ல" என்றாள். நானும் பயந்துபோய்த் தகட்டைக் கழற்றி மொட்டைமாடியில் உயரமாகக் கட்டினேன். மூன்று வாரம் எரியவில்லை. எனக்குத்தான் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நேற்று பழைய இடத்திலேயே கட்டி, புது ஸ்டூல் ஒன்று வாங்கி அடியில் போட்டேன்.

இன்று காலை எரிந்தது. போய்ப் பார்த்தேன். ஈரக்காற்றில் ஸ்டூல் பலகை முழுக்க உப்புப் பூத்திருந்தது, இரண்டு சின்னப் பாதம் படிந்த இடம் தவிர.

விசா எடுத்துவிட்டேன், கிளம்பி வா என்கிறீர்கள். நான் வந்துவிட்டால் ஸ்டூலை யார் போடுவது?

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா