பொன்னாடையும் வெள்ளமும்

ஏப்ரல், ஞாயிறு இரவு

ஆற்று வெள்ளம் பற்றிய என் ஆய்வுக்காகப் போன வருடம் நெதர்லாந்தின் அறிவியல் கழகம் ஒன்று என்னை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அதற்காக இன்று இங்கே, ஆற்றோரப் புறநகரான ரொக்ஸ்பரோவில், எங்கள் தமிழ்ச் சங்கம் எனக்குப் பொன்னாடை போர்த்தியது. அந்தக் கழகத்தார் உறுப்பினர்களான எங்களை, மக்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஊர் மண்டபங்களுக்கு அனுப்புவார்கள். போன கோடையில் அங்கே ஒரு மாட்டுப்பண்ணைக்காரர் என்னைக் கேள்விகளால் துளைத்தெடுத்தார். பக்கத்தில் மேயர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இங்கும் அப்படி ஒரு கூட்டம் நடக்கும் என்று நம்பிப் போனேன்.

நான் பேசத் தொடங்கியதுமே முன்வரிசையில் இருந்த அக்கா ஒருவர் எழும்பினார்.

"எங்கட தெருவுக்குத் திரும்பவும் வெள்ளம் வருமோ?"

சங்கத் தலைவர் என் கையிலிருந்த மைக்கை வாங்கினார். "அதைப் பேந்து கதைப்பம். சாப்பாடு ஆறுது."

அவர் வீட்டுத் தரகர். அந்தத் தெருவில் பல வீடுகளை எங்கள் ஆட்களுக்கு விற்றவர் அவர்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு வரிசையில் அந்த அக்காவைப் பிடித்துச் சொன்னேன். "ஓம் அக்கா. கட்டாயம் வரும்."

அவர் முகம் மாறியது. "மெல்லமாக் கதையுங்கோ தங்கச்சி. நாங்கள் வீட்டை விக்கப்போறம். வாங்கிற ஆக்கள் அங்க நிக்கினம்."

வாசலில் தலைவருக்குப் பக்கத்தில் ஓர் இளம் தம்பதி நின்றார்கள். அந்தப் பெண் நிறைமாதக் கர்ப்பிணி. அவர்களை எச்சரிக்கக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நான் வாசலுக்குப் போவதற்குள் தலைவர் அவர்களைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அவர்களுடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. சங்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லமாட்டார்கள்; அவர்களில் பலருக்கு அந்தத் தெருவில் வீடு இருக்கிறது.