துப்பாக்கிக்குள் ஒரு கீறல்

வெல்லக்கட்டி மாமா,

பொம்மசந்திராவில் நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் போன பிறகு உங்கள் துப்பாக்கிப் பட்டறையிலேயே துடைக்கிற வேலை கொடுத்தார்கள். உங்கள் டிபன் டப்பாவில்தான் தனியாகச் சாப்பிடுகிறேன்.

துப்பாக்கி சுடும் போட்டிக்காரர் ஒருவருக்கு நீங்கள் கடைசியாகத் தோட்டா உட்காரும் அறையை வெட்டிக் கொடுத்த துப்பாக்கி திரும்பி வந்துவிட்டது. சுட்டபின் காலித் தோட்டா உள்ளேயே சிக்கிக்கொள்கிறதாம். பட்டறை மேலாளர் ஸ்ரீகண்டன் சார் காலித் தோட்டாக்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் கோடு. பிறகு விளக்கு அடித்துத் தோட்டா அறைக்குள் பார்த்தார்.

"உள்ள கீறல் இருக்கு தங்கச்சி. உன் மாமன் கை நடுங்கினதே இல்லையே! பாலிஷ் போட்டா போயிடும், விடு."

அது பாலிஷுக்குப் போவதற்கு முன் நானும் எட்டிப் பார்த்தேன். மயிரிழை மாதிரி வளைந்து கிடந்தது.

வெட்டி முடித்த அன்று சாயங்காலம்தானே விழுந்து கண்ணை மூடினீர்கள்? மணி அடிக்கிறது, போகிறேன். மாமா, அதை வெட்டும்போதே நெஞ்சு வலித்ததா?