கொதிக்க வைத்த ஏரி

மார்ச் 4
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இத்தனை நாளும் நாற்றம் என் வீட்டுக்காரர் மேலிருந்துதான் வருகிறது என்று காலையும் மாலையும் அவரைக் குளிக்க விரட்டினேன். இன்று குழாயைத் திறந்து மோந்து பார்த்தேன். நாற்றம் தண்ணீரில். பாவம் மனுஷன், குளிக்கக் குளிக்க நாறியிருக்கிறார்.

"மன்னிப்புக் கேளு" என்றார். "முதுகு வெளுத்திருக்கே, நீங்கதான் நன்றி சொல்லணும்" என்றேன்.

மார்ச் 9
ஏரி பச்சையாகிவிட்டது, பெயிண்ட் டப்பா கவிழ்ந்த மாதிரி. குழாயில் வருவதும் அந்தத் தண்ணீர்தான், படகுத்துறையில் என் டீக்கடையிலும் அதுதான். அதனால் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க வைக்கிறேன். படகு ஓட்டப் போகும் இவருக்கும் அதையே பாட்டிலில் ஊற்றித் தருகிறேன். எந்தக் கிருமி தாங்கும்?

மார்ச் 15
பாதியில் படகைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். வாந்தி. சுண்டக் காய்ச்சிய தண்ணீரையே டம்ளர் டம்ளராகக் கொடுத்தேன்.

மார்ச் 17
கண் மஞ்சள். ஆஸ்பத்திரியில் சேர்த்தாச்சு. இன்று கிண்டலாக எழுத வரவில்லை.

மார்ச் 18
என்ன தண்ணீர் குடித்தார் என்று நர்ஸ் கேட்டாள். பெருமையாகச் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்கா, இது கிருமி இல்ல. அந்தப் பச்சைப் பாசி விடற விஷம். காய்ச்சினா தண்ணிதான் ஆவியாப் போகும். விஷம் அப்படியே நிக்கும்."

அப்ப நான் என்ன பண்ணியிருக்கேன்? ஊர் குடிச்சதைவிடக் கெட்டியா, என் கையாலயே—

பாசி எப்படி வந்துச்சுன்னு கேட்டேன். "வயல் உரம், சாக்கடை, சோப்புத் தண்ணி. எல்லாம் அதுக்குச் சாப்பாடுக்கா." என் கடையில பாத்திரம் கழுவற தண்ணியும் அங்கதான் போகுது.

மார்ச் 19
கடையை மூடிவிட்டேன். டீ குடித்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், டாக்டரைப் பாருங்கள் என்று சொன்னேன். "உன் டீ விஷம்னு எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார் மீன்காரர். சிரிக்க முடியவில்லை. அவருக்கும் வயிறு சரியில்லையாம்.

மார்ச் 24
ஈரல் தேறுமா என்று டாக்டர் இன்னும் வாய் திறக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போச்சு. இவர் கண் விழித்து, "குளிச்சிட்டு வரட்டுமா?" என்றார். பாத்ரூமில் போய் அழுதேன்.

ஏப்ரல் 12
வீட்டுக்கு வந்துவிட்டார், பாதி ஆளாக. குடிக்க லாரித் தண்ணீர். சாயங்காலம் கையைப் பிடித்துத் துறை வரை மெல்ல நடத்திப் போனேன். படகுகளையெல்லாம் கரையேற்றிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். தன் படகை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

சுகாதார ஆபீஸ்காரர்கள் காலையில் நட்ட போர்டு காற்றில் சாய்ந்து ஏரிக்குள் விழுந்தது. இவர் பழக்கத்தில் பேன்ட்டை மடிக்க ஆரம்பித்தார். சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். வேறு யாரும் எடுக்கப் போகவில்லை. தண்ணீரில் இறங்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது.