ஆமென் சொன்ன கூட்டம்

ஏட்டி,

உன் படத் திரையில் தையல் மெஷின் எண்ணெய் பட்டுவிட்டது. காலையிலிருந்து சோப்பு போட்டுக் கசக்குகிறேன், போக மாட்டேன் என்கிறது. துணியை மூக்கருகே கொண்டுபோனால் அந்த எண்ணெய் வாசனைக்கு அடியில் பாச்சை உருண்டை வாசனையும் இருக்கிறது. பரண்மேல் வைக்கும்போதெல்லாம் நீ மடிப்புக்குள் போட்டு வைப்பாயே, அந்த உருண்டை. வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு கோபம் வந்தது. கோபத்தோடேயே எழுத உட்கார்ந்துவிட்டேன். நேற்று நடந்ததை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல?

நம் படவிழா நடந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது, இனிமேல் தாராவியில் 'அந்த மாதிரிப் படம்' கிடையாது என்று நிம்மதியாக இருந்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் நிம்மதி நேற்றோடு போயிற்று.

இதெல்லாம் ஆரம்பித்த கதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. என் ஜெராக்ஸ் கடைக்கு நோட்டீஸ் அடிக்க வந்த காலேஜ் பெண் ஒருத்தி இரண்டு பாஸ் கொடுத்தாள். மாட்டுங்காவில் ஒரு ஹாலில் படவிழா. பெரிய கம்பெனிக்காரர்கள் எடுத்ததல்ல, தங்கள் கைக்காசைப் போட்டு எடுத்த சின்னச் சின்னப் படங்கள். உடம்பைப் பற்றி, ஆசையைப் பற்றி, வயதுக்கு வந்த பிள்ளைகளிடம் அதையெல்லாம் எப்படிப் பேசுவது என்பதைப் பற்றி. நீ செம்பூர் லாரி ஆபீசிலிருந்து டிபன் பையோடு நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். படம் ஒவ்வொன்றும் ஒரு பாஷை. கீழே ஓடும் இங்கிலீஷை என்னால் அந்த வேகத்துக்கு வாசிக்க முடியாது. நீ என் காதில் சொல்லத் தொடங்கினாய். முதலில் குசுகுசுவென்று. அப்புறம் உனக்கே ருசி தட்டி, சத்தம் ஏறிவிட்டது. முன்சீட்டுக்காரர் திரும்பி 'ஷ்ஷ்' என்றார். "பாய்சாப், இவளுக்கும் புரிய வேண்டாமா?" என்று இந்தியில் கேட்டுவிட்டு நீ பாட்டுக்குத் தொடர்ந்தாய்.

கடைசியில் படம் எடுத்தவர்களை மேடையில் ஏற்றி, கேள்வி கேட்கச் சொன்னார்கள். எல்லாரும் கேமராவைப் பற்றிக் கேட்டார்கள். நீ எழுந்து நின்று, இந்தப் படத்தை எங்கள் ஏரியாவில் போடத் தருவீர்களா, அங்கே யாரும் கீழே ஓடுவதை வாசிக்க மாட்டார்கள், நானே கூட நின்று தமிழில் சொல்லிக்கொள்கிறேன் என்றாய். ஹால் சிரித்தது. மேடையில் முடியை ஒட்ட வெட்டியிருந்த அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்து உன் பென் டிரைவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சயானுக்கு ரயில் ஏறும்போதே நீ முடிவு செய்துவிட்டாய்.

"நான் கன்வென்ஷன்ல நிக்க மாதிரி நின்னு சொல்லுதேன். நீ மெஷினப் பாத்துக்கிட்டாப் போதும்."

உன்னை நம் சபையின் கன்வென்ஷன் மேடையில் பார்க்காதவர்களுக்கு அது என்னவென்று சொல்லிப் புரியவைக்க முடியாது. வெளியூரிலிருந்து வரும் பிரசங்கியார் இங்கிலீஷில் ஒரு வரி சொல்வார். நீ பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொல்வாய். வெறும் வார்த்தையை மட்டும் அல்ல. அவர் கை தூக்கினால் நீயும் தூக்குவாய், அவர் குரல் தழுதழுத்தால் உன் குரலும் தழுதழுக்கும். சில வருஷம் பிரசங்கியார் சுமார்தான், நீதான் கூட்டத்தைத் தூக்கி நிறுத்தினாய். தாராவிப் பெண்களுக்கு உன் குரல் அவ்வளவு பழக்கம். நீ ஒரு வரி முடித்தால் தானாக 'ஆமென்' வரும்.

அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

திரையை ஜெபமணி அக்கா தைத்துக் கொடுத்தாள், தையல் யூனிட் வைத்திருக்கிறவள். இரண்டு இரட்டை வேட்டியைக் கரை பிரித்து நடுவில் சேர்த்திருந்தாள். அந்தத் தையல் எல்லார் முகத்திலும் மூக்குக்கு நேராக விழும். ஊர்ச் சங்கத்துக் கட்டடத்தில் மாடி அறை. பெண்கள், அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள், எதற்கென்றே தெரியாமல் வந்த இரண்டொரு ஆண்கள். படத்தில் ஒரு மராத்தி டாக்டரம்மா, கல்யாணம் ஆகப்போகும் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறார். நீ திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்றாய். கன்வென்ஷன் குரல். "தாலி கட்டுனவனா இருந்தாலும் சரி, உனக்கு வேண்டாம்னா வேண்டாந்தான். அவன் கேக்கணும். நீ சரின்னு சொல்லணும். சொல்லலன்னா தொடக்கூடாது!" டாக்டரம்மா கையை உயர்த்தினார். நீயும் உயர்த்தினாய்.

"ஆமென்!" என்றது கூட்டம் மொத்தமும்.

ஒரு நொடிக்குப் படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஜெபமணி அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி, அப்புறம் அறையே சிரித்தது. நான் லேப்டாப்பை நிறுத்தவேண்டியதாகிவிட்டது. சிரித்து முடித்தபோது சில பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நீ மைக்கை இறக்கவே இல்லை. "எங்க விட்டோம்?" என்று கேட்டாய்.

அதற்குப் பிறகு அது நம் விழாவின் வழக்கமாகவே ஆகிவிட்டது. பிடித்த வரிக்கு ஆமென். வயதான இரண்டு ஆண்கள் ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு, ஒருவர் தலைவலிக்கு இன்னொருவர் தைலம் தேய்க்கும் படம் போட்டோமே, நினைவிருக்கிறதா? "ரெண்டு பேரும் புருஷன் பொஞ்சாதி மாதிரில்லா இருக்காவ" என்று யாரோ சொன்னார்கள். "மாதிரி என்னம்மா மாதிரி, அப்படித்தான்" என்றாய் மைக்கிலேயே. கொஞ்சம் முணுமுணுப்பு. பிறகு பின்னாலிருந்து ஒரே ஒரு ஆமென், ரொம்ப மெல்ல. யாரென்று நீயும் திரும்பிப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்க விடவில்லை.

சபைப் பாஸ்டருக்குப் படத்தின்மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை, ஆமென்மேல்தான். ஆராதனையில் சொல்லும் வார்த்தையை அந்த இடத்தில் சொல்லவைத்தாயே என்று உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நான் சொல்ல வைக்கலய்யா. அவியளாச் சொன்னாவ. எதுக்குச் சொல்லணும்னு அவியளுக்குத் தெரிஞ்சிருக்கு."

அந்த வருஷம் கன்வென்ஷனில் உன் இடத்தில் வேறொருவர் நின்றார். நீ கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாய். அந்த மேடை உனக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வரும் வழியில், "அவன் சொல்லுததுல உசுரே இல்லட்டி" என்று மட்டும் சொன்னாய். மன்னிப்புக் கேட்டால் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று பலர் தூது வந்தார்கள். நீ கேட்கவில்லை.

எனக்கு மட்டும் கூச்சம் போகவே இல்லை. லேப்டாப்புக்குப் பின்னால் இருட்டில் உட்காருவது எனக்கு வசதி. நீ உடம்பின் ஒவ்வொரு இடத்துக்கும் பேர் சொல்லும்போது நான் ஒயரைச் சரிசெய்வேன். "கீழே", "அங்கே" என்றுதான் எனக்கு வாய் வரும். நீ விடமாட்டாய். "பேரே சொல்லாத எடத்துல நோவு வந்தா, டாக்டர்ட்ட எங்கன்னு சொல்லுவ? பக்கத்து வீட்லன்னா சொல்லுவ?"

நோவு உனக்கே வந்தது.

கர்ப்பப்பைப் பரிசோதனை முகாம் எங்கே நடந்தாலும் தெருப் பெண்களை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனவள் நீ. ஒரு முகாமில் உன் முறை வந்தபோது, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்கள். இல்லை என்றாய். அப்படியானால் உங்களுக்குத் தேவையில்லை என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். நீ சிரித்துக்கொண்டு வந்து எங்களோடு டீ குடித்தாய். கல்யாணம் ஆகாதவளுக்கு உடம்பு கிடையாதா?

ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி ஆட்கள் வந்து நின்று என்ன வியாதி என்று கேட்கும்போதெல்லாம், உன் அண்ணன், நம் மளிகைக்கடை அண்ணாச்சி, "வயித்துல கட்டி" என்பார். நீ தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, "கர்ப்பப்பை வாய்ல புற்றுநோய்" என்பாய்.

"மெதுவாச் சொல்லு தாயி."

"மெதுவாச் சொன்னா சின்ன வியாதி ஆயிருமாண்ணே?"

அவர் வெளியே வராந்தாவில் என்னிடம் சொல்லி அழுதார். கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு அந்த இடத்தில் நோவு என்றால் சனம் என்ன பேசும் என்றார். உள்ளே வந்து உன்னிடம் அதைச் சொன்னேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பேசட்டும். எனக்கும் ஒருத்தர் இருந்தாரு. நல்ல மனுசன். நல்லாத்தான் இருந்தோம். அதுல என்ன கேவலம்?" என்றாய். இத்தனை வருஷப் பழக்கத்தில் அதை எனக்கு அன்றைக்குத்தான் சொன்னாய். அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். "நான் போனப்புறம் வயிறுன்னு சொல்லி என்னப் பொதைச்சிராதீங்கட்டி."

அப்படித்தான் புதைத்தார்கள். கல்லறையில் பாஸ்டர் வயிற்று நோய் என்றுதான் சொன்னார். வீட்டார் சொன்னதை அவர் சொன்னார்.

போன வாரம் அண்ணாச்சி என் கடைக்கு வந்தார். வருஷ நினைவு ஆராதனை வைக்கிறோம், இந்த வருஷமும் அந்தப் படத்தைப் போட்டு அவள் பேரை இழுக்காதே என்றார். கும்பிட்டுக் கேட்டார், மனுஷன். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. "அவ பேரு உங்களுக்கு மட்டுமா அண்ணாச்சி?" என்றேன். அவர் திரும்பிப் போய்விட்டார். மறுநாள் சங்கத்தில் மாடி அறைச் சாவி இல்லை என்றார்கள். சாவி எங்கே என்றேன். தெரியாது என்றார்கள். எனக்குத் தெரியும்.

ஜெபமணி அக்கா, "சங்கமாவது ஒண்ணாவது! சோடு, விட்டுத் தள்ளு! என் யூனிட்டு சும்மாதான கெடக்கு ஞாயித்துக்கிழம" என்றாள். மெஷின்களை எல்லாம் சுவரோடு ஒதுக்கிப்போட்டாள். திரையை மெஷின் மேல் ஏறி நின்று கட்டினோம், அப்போது பட்டதுதான் இந்தக் கறை. எல்லாம் ஆயிற்று. மைக்கை யார் பிடிப்பது? ஜெபமணியின் மகள், உன் குரலைக் கம்ப்யூட்டரில் செய்துவிடலாமே என்றாள். எனக்கு வந்த கோபத்தில், "அவ ஒண்ணும் மெஷின் இல்ல" என்று கத்திவிட்டேன். கத்தியபோதுதான் எனக்கும் தொண்டை இருக்கிறது என்று தெரிந்தது.

மூன்று ராத்திரி கண்ணாடி முன் நின்று பழகினேன். இங்கிலீஷ் வரிகளை நிறுத்தி நிறுத்தி வாசித்து, தமிழ் ஆக்கி. நீ இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

நேற்று நிற்கக்கூட இடமில்லை. வாசலில் செருப்புகளுக்கு நடுவே உன் அண்ணனும் நின்றார். தடுக்க வந்தாரா பார்க்க வந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. படத்தை ஓடவிடுவதற்கு முன்னால் மைக்கை எடுத்தேன்.

"நம்ம படத்துக்கெல்லாம் குரல் குடுத்தவ போன வருஷம் செத்துப்போனா. வயித்து நோவுல சாகல. கர்ப்பப்பை வாய்ல வந்த புற்றுநோய்ல செத்தா. நேரத்தோட டெஸ்ட் எடுத்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். கல்யாணம் ஆகலன்னு சொன்னதால அவளுக்கு எடுக்கல. உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தாலும் சரி, ஆகாட்டாலும் சரி, போயிக் கேளுங்க. எடுக்க மாட்டோம்னா சண்டை போடுங்க. நான் கூட வாரேன்."

மின்விசிறிச் சத்தம் மட்டும். கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன், ஏட்டி. அப்போது ஜெபமணி அக்கா தரையிலிருந்து, சிரிக்காமல், "ஆமென்" என்றாள். அதற்குப் பிறகு எல்லாரும் சொன்னார்கள். அன்றைக்கு வாய் தவறி வந்தது. நேற்று தெரிந்தே சொன்னார்கள்.

படங்களுக்கு நான் குரல் கொடுத்த லட்சணத்தை விடு. இரண்டு இடத்தில் வரி விட்டுப்போயிற்று, ஒரு இடத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் மாற்றிச் சொல்லிவிட்டேன். ஆனால் 'அங்கே', 'கீழே' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

முடிந்து, கூட்டம் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது நான் திரையை அவிழ்த்தேன். மறுமுனையை யாரோ பிடித்தார்கள். அண்ணாச்சி. இரண்டு பேரும் சேர்ந்து மடித்தோம். மடிப்பு எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு முழமாக ஆனபோது, குனிந்து என் காதருகே கேட்டார்.

"ஏம்மா, அந்த டெஸ்ட்டு எங்க எடுக்காவ? வீட்ல மயினிக்குக் கொஞ்ச நாளா..."

"சத்தமாக் கேளுங்கண்ணாச்சி" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வாசலில் நின்ற பெண்களைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கடையில் சரக்கு இறக்கும் ஆளைக் கூப்பிடுகிற அந்தக் குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்:

"கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் டெஸ்ட்டு எங்க எடுக்காவ?"

நாளைக்குக் காலையில் உன் அண்ணன் பெண்டாட்டியை, மயினியைக் கூட்டிப்போகிறேன். அண்ணாச்சியும் வருகிறார். உன் மைக் என் கைப்பைக்குள்தான் இருக்கிறது, அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை. கறை போகவில்லை. அதோடேயே கொடியில் காயப்போட்டிருக்கிறேன்.