ஜீப்பின் இடப்பக்க ஸ்பீக்கர்

மார்ச் 4, புதன்

ஜீப்பின் இடப்பக்க ஸ்பீக்கர் போய்விட்டது. குழாய்ப் பாதையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஓடையில் தண்ணீர் கொஞ்சம் அதிகம். இறங்கி ஏறிவிட்டேன், வண்டிக்கு ஒன்றுமில்லை. ஆனால் கதவுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. அக்கரையில் பாட்டுக்குப் பதில் கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் அதுவும் இல்லை. குடிநீர் வாரியத்தில் வேலை பார்ப்பவனுக்குத் தண்ணீரால் நஷ்டம். மைத்துனனுக்குத் தெரிந்தால் ஒரு வாரம் சிரிப்பான்.

மாற்றித்தான் ஆக வேண்டும். மாதக் கடைசியில் மனைவியை இந்த வண்டியில்தான் கொண்டுபோய் விட வேண்டும். பகல் முழுக்க மலைப்பாதை. பாட்டாவது இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பதவி உயர்வு. வேறு ஊரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைமை. சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, சாப்பிடும்போது தகவலாகச் சொன்னாள். இத்தனை வருஷக் குடித்தனத்துக்கு அப்புறம், போகட்டுமா வேண்டாமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதவளிடம் நானாக எதற்குச் சொல்ல வேண்டும்? "சரி" என்றேன். குழம்பு வேண்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.

மார்ச் 5, வியாழன்

புதுப் பெட்டி வாங்கி வந்திருக்கிறாள். சிவப்பு. ஒரு ஆளே உள்ளே படுக்கலாம்.

மார்ச் 7, சனி

ஸ்பீக்கர் கடை. கடைக்காரர் வாய் ஓயாதவர். "வண்டி என்னன்னு நீங்க சொல்லுங்க, ஸ்பீக்கர் என்னன்னு நான் சொல்றேன்" என்றார். துணிக்கூரை, தகரக் கதவு, ஓடையில் இறங்கும் வண்டி என்றேன்.

"அப்ப காகிதக் கூம்பு வேணவே வேணாம் சார், ஊறிப்போயிரும். பிளாஸ்டிக் கூம்புல ரெண்டு தினுசு இருக்கு. ஒண்ணு பாட்டு கேக்கறதுக்கு. இன்னொண்ணு ஊரை எழுப்பறதுக்கு."

முதல் தினுசு போதும் என்றேன். கடைக்காரருக்கு ஏமாற்றம். இரண்டாவதை ஒருமுறை போட்டுக் காட்டினார். மேசை மேலிருந்த தண்ணீர்ப் பாட்டில் தானாக நகர்ந்தது. எனக்கு அது வேண்டாம். பாடுகிறவர் என்ன சொல்கிறார் என்று புரிந்தால் போதும். இரைச்சலான வண்டி அது. குறைந்தபட்சம் வார்த்தை காதில் விழ வேண்டும்.

இன்னொரு சிக்கல். கதவு ஒல்லி. பின்னால் காந்தம் தடிமனாக இருந்தால் கண்ணாடியை இறக்கும்போது இடிக்கும். அடிக்குச்சியை உள்ளே விட்டு அளந்து பார்த்து, காந்தம் மெல்லிசாக, நடுவில் குட்டி ஸ்பீக்கர் ஒன்று பதித்த ஜோடியை எடுத்தேன். மாட்டுவது நாளை.

மார்ச் 8, ஞாயிறு

மாட்டியாயிற்று. வலப்பக்கம் பிரமாதம். மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. இடப்பக்கம் போர்வைக்குள் படுத்துக்கொண்டு பாடுவதுபோல் இருக்கிறது. புது சாமான்!

மைத்துனனை இடப்பக்கம் உட்காரவைத்து ஒரு சுற்று போய் வந்தேன். "எனக்கு நல்லாத்தான் கேக்குது மாமா" என்கிறான். கதவை ஒட்டி உட்கார்ந்தால் கேட்காமல் என்ன. அவன் எங்கள் வீட்டில் தங்கி வேலைக்குப் போகிறான். ஓசிச் சாப்பாட்டுக்கு நன்றியாகவாவது என் பக்கம் பேசியிருக்கலாம்.

மார்ச் 11, புதன்

திரும்பக் கடை. கடைக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டார். "நல்லாத்தானே சார் பாடுது?" நானும் வெளியே நின்று கதவுக்கு நேரே குனிந்து கேட்டேன். நன்றாகத்தான் பாடியது. எனக்கு மூக்கு உடைந்தது மாதிரி ஆகிவிட்டது.

ஓட்டிக்கொண்டு தெருமுனை தாண்டவில்லை, மறுபடி போர்வை.

நின்றால் பாடுகிறது, நான் ஓட்டினால் மக்கர் பண்ணுகிறது. அப்படியானால் குலுங்கும்போது எங்கோ இணைப்பு விலகுகிறது. வேறென்ன? வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் இடது ஸ்பீக்கரை வலதுக்கும், வலதை இடதுக்கும் மாற்றிப் போடச் சொன்னேன். இப்போதும் இடதுதான் மந்தம். ஆக, ஸ்பீக்கர் மேல் தப்பில்லை. இடப்பக்க ஒயர் முழுவதையும் உருவிப் புதிதாகப் போட்டார்கள்.

அதற்கும் அசையவில்லை.

மார்ச் 12, வியாழன்

அவள் பழைய பாத்திரங்களில் எதை எடுத்துப் போவது என்று தன் தம்பியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் கேட்கவில்லை.

மார்ச் 14, சனி

கதவேதான் குற்றவாளி என்று முடிவுக்கு வந்துவிட்டேன். உள்ளே தகரம் வெறுமனே அதிர்கிறது, சத்தத்தை விழுங்குகிறது. தார் பூசிய அட்டையை வெட்டிக் கதவு முழுக்க ஒட்டவைத்தேன். கூடவே படகுகளில் போடுகிற நீர்புகா ஸ்பீக்கர் ஒரு ஜோடி. கடைக்காரர் இப்போது என்னைக் கண்டதும் உள்ளே போய் டீ சொல்லிவிட்டுத்தான் வருகிறார். "சார், தப்பா நினைக்காதீங்க, இந்த வண்டில இதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாது. வேணும்னா வண்டிய மாத்துங்க" என்றார். கிண்டல்தான். ஆனாலும் முகம் பாவமாக இருந்தது.

சாயங்காலம் அவளை அழைக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏறும்போது கதவு கனமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, என் முகத்துக்கு நேரே நின்று சொன்னாள். "இந்தக் கதவு மேல இருக்கற அக்கறை அதுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கறவ மேல இருந்திருக்கலாம்." அப்புறம் உட்கார்ந்து வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

முன்பெல்லாம் வண்டியில் ஏறியதும் ஆஸ்பத்திரிக் கதை தொடங்கும். எந்த டாக்டர் யாரைத் திட்டினார், யார் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்தார். கொஞ்ச நாளாக ஒன்றும் கிடையாது. பேசப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. போகிற இடத்தில் மனசு முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்கும். இருக்கட்டும்.

இடது இன்னும் மந்தம்.

மார்ச் 18, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரி வளாகத்தில் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இடது தோளுக்கு மேல் கழுத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். இடது ஸ்பீக்கர் பளிச்சென்று கேட்டது! வலது அடங்கிப்போனது. ஆஹா, இணைப்பு மாறுகிறது, பின்னால் எடுக்கும்போது ஏதோ ஒயர் இழுபடுகிறது, பிடித்துவிட்டேன் என்று சந்தோஷமாக முன்னால் திரும்பினேன். இடது மந்தம். பின்னால் திரும்பினேன். வலது மந்தம். வண்டி அசையவே இல்லை. நிறுத்திவிட்டேன். அப்போதும் அப்படியே. முன்னால், பின்னால், முன்னால். காவலாளி ஓடி வந்து, "சார், வர்றீங்களா போறீங்களா?" என்றார்.

இடது காதை விரலால் அடைத்தேன். எந்த வித்தியாசமும் இல்லை.

வலது காதை அடைத்தேன். பாட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

ஸ்பீக்கர் இல்லை. ஒயர் இல்லை. கதவு இல்லை. நான்தான்.

அவள் வந்து ஏறினாள். பாட்டை அணைத்தேன். அவள் பக்கம் திரும்பாமல், சாலையைப் பார்த்தே ஓட்டினேன். ஏதாவது பேசுவாளா என்று காத்துக்கொண்டே வந்தேன். வீடு வந்துவிட்டது. வழியில் அவள் பேசினாளா, பேசவே இல்லையா? எனக்குத் தெரியல. அதான்... தெரியவே இல்ல.

மார்ச் 19, வியாழன்

காது டாக்டர். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். இடது காதின் முறை வந்தபோது கையை மடியிலேயே வைத்துக்கொண்டு நிறைய நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்தேன். தொடங்கி முடித்திருந்தார்கள்.

"நரம்புல வந்த கோளாறு. ஒரு வருஷத்துக்கு மேலயே ஆகியிருக்கும்" என்றார். "மெதுவா போனதால உங்களுக்குத் தெரியல. நல்ல காது ரெண்டு பேர் வேலையையும் சேத்துப் பாத்துக்கும். வீட்ல எதிர உக்காந்து பேசினா பிரச்சினையே இருக்காது. ஆனா இரைச்சலுக்கு நடுவுல இடது பக்கத்துலேருந்து யாராவது பேசினா அவ்வளவுதான்."

போனது திரும்பாது. கருவி வைத்தால் கொஞ்சம் உதவும்.

இரண்டு ஜோடி ஸ்பீக்கர் மாற்றினேன் டாக்டர் என்றேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும்தான்.

மார்ச் 20, வெள்ளி

அவளிடம் சொன்னேன். கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்துத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் காது?"

"இடது."

மடித்துக்கொண்டிருந்த துண்டை அப்படியே பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பயமாகிவிட்டது. பெரிசா ஒண்ணுமில்ல, கருவி வெச்சா சரியாயிடுமாம் என்று ஏதேதோ உளறினேன். அவள் அதைக் கேட்கவே இல்லை.

"நான் உங்ககிட்ட கேட்டேன்" என்றாள்.

"எதை?"

"போகட்டுமான்னு. ஜீப்ல வரும்போது. மூணு தரம் கேட்டேன். நீங்க ரோட்டையே பாத்து ஓட்டிட்டு வந்தீங்க. கிணத்துல போட்ட கல்லு மாதிரி. மூணாவது தரம் கேட்டுட்டு அழுதேன். அதுக்கும் திரும்பிப் பாக்கல."

"வீட்ல கேட்டிருக்கலாமே!"

"வீட்ல எங்க? தம்பி இருக்கான், டிவி அலறுது. நாம ரெண்டு பேர் மட்டும் இருக்கற இடம் அந்த வண்டி ஒண்ணுதானே."

இதற்கு மேல் ஒழுங்காக எழுத வரவில்லை. பக்கத்துல உக்காந்து அழுதிருக்கா. கைக்கெட்டுற தூரத்துல. நான் பாட்டுக்கு கியரை மாத்திட்டு வந்திருக்கேன். அவ கேக்கலன்னு இத்தனை நாளா முகத்தைத் தூக்கி வெச்சிட்டு இருந்தது நான்!

"வேணாம்னு சொல்லியிருப்பேன்" என்றேன். "சத்தியமா சொல்லியிருப்பேன்."

"ஒரு வருஷமா அந்தக் கதவுகிட்டயா பேசிட்டு இருந்தேன்?" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிரிக்க முடியவில்லை. துண்டை வாங்கி நானே மடித்தேன். கோணலாகத்தான் வந்தது. அவள் பிரித்து மறுபடி மடித்தாள்.

மார்ச் 23, திங்கள்

அவள் அலுவலகத்தில் விசாரித்துவிட்டாள். கையெழுத்துப் போட்டது போட்டதுதான். அவள் இடத்துக்கு வேறொருவர் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். ஒரு வருஷம் அங்கே வேலை பார்த்தால், திரும்பி வர விண்ணப்பிக்கலாம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

நான் என் அலுவலகத்தில் கேட்டேன். அந்த ஊர்ப் பக்கம் வாரியத்துக்குக் குழாயே இல்லையாம்.

மார்ச் 29, ஞாயிறு

பெட்டிகளை ஏற்றிக் கயிறு கட்டினோம். ஓட்டும் பக்கம் ஏறப் போனேன். "சாவியக் குடுங்க" என்றாள்.

அவளுக்கு உரிமம் இருக்கிறது. ஆனால் இந்த வண்டியின் கிளட்ச் முரடு என்று நான் கொடுத்ததே இல்லை. "மலைப்பாதை" என்றேன். "தெரியும். அந்தப் பக்கம் உக்காருங்க. உங்க நல்ல காது என் பக்கம் இருக்கட்டும்."

மைத்துனன் வாசலில் நின்று சாமி கும்பிட்டான். எனக்காகத்தான்.

முதல் ஏற்றத்தில் வண்டியை இரண்டு முறை நிறுத்திவிட்டாள். பின்னால் வந்த லாரிக்காரர் ஒலிப்பானில் திட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வளைவுக்குள் கை பழகிவிட்டது. பாட்டு போடப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

காட்டுப் பாதை முடிந்து மேட்டில் ஏறும்போது, சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நான் போகட்டுமா?"

"போகாத."

"போய்த்தான் ஆகணும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்றீங்க."

"நீ கேட்ட. சொன்னேன்."

கியரை மாற்றினாள். பல்சக்கரம் கடகடவென்று கத்தியது. கன்னத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். இந்த முறை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 31, செவ்வாய்

தனியாகத் திரும்பினேன். வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

காதுக்குக் கருவி வந்துவிட்டது. தட்டை வைத்தால் இடி விழுகிறது. பேப்பரைப் புரட்டினால் மழை பெய்கிறது. பழகும் என்கிறார்கள்.

ஜூன் 13, சனி

பஸ்ஸில் அவள் ஊருக்குப் போனேன். பரிசோதனைக் கூடத்து வாசலில் காத்திருந்தேன். வெள்ளை அங்கியைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு நடந்தே போகலாம், கடைத்தெரு வழியாக.

என் இடப்பக்கம்தான் வந்து சேர்ந்தாள். நாலு அடி நடந்துவிட்டு, பின்பக்கமாகச் சுற்றி வலப்பக்கம் வந்தாள். கருவி இருக்கிறதே என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

பேச ஆரம்பித்தாள். புது டாக்டர், உடைந்த குளிர்பெட்டி, ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்த போலீஸ்காரர், வீட்டுக்காரம்மாளின் நாய். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அப்படியா என்றேன், அப்புறம் என்றேன், யார் அது என்றேன். பதிலே தேவைப்படாததற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைத்தெரு முடிவதற்குள் அவளுக்கு அலுத்துவிட்டது.

"போதும் சாமி" என்றாள். "கொஞ்ச நேரம் சும்மாதான் வாங்களேன்."

சும்மா நடந்தோம்.