அப்பா ஸ்வெட்டரின் உள்பக்கம்

என் குண்டுமணிக்கு அம்மா எழுதுவது,

நீ சுகமா என்று முதலில் கேட்க வேண்டியது முறை. ஆனால் முந்தாநாள் போனிலேயே சுகம்தான்மா என்று சொல்லிவிட்டாய், சாப்பிட்டாயா என்றதற்கும் ஆமாம் என்றாய், இரண்டும் எவ்வளவு உண்மை என்று பெற்றவளுக்குத் தெரியாதா. நானும் சுகம்தான், அதே ரகம். இதையெல்லாம் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று யோசிக்காதே. போனில் சொன்னால் நீ அழுவாய், உன்னைச் சமாதானப்படுத்துகிற வேலையும் என் தலையில் விழும். காகிதம் அழாது, குறுக்கே பேசாது, முகத்தைக் காட்டும்மா என்று தொந்தரவு செய்யாது.

நீ கேட்ட அப்பாவின் ஸ்வெட்டர் இந்தப் பார்சலிலேயே இருக்கிறது. துவைக்காதே, தொடாதே, அவர் போட்ட மாதிரியே அனுப்பு என்று உத்தரவு போட்டாய், மகாராணி உத்தரவை மீறுவேனா, துவைக்கவில்லை. உன் அத்தைதான் பார்த்துவிட்டு, இதை யாருக்காவது குடுத்துடுங்க அண்ணி, வீட்டுல வெச்சிருந்தா பார்க்கப் பார்க்க மனசு கெட்டுப்போயிடும் என்றாள். என் மனசு கெடாமல் பார்த்துக்கொள்ள அவள் தினமும் மூன்று மணிக்கு வந்துவிடுகிறாள். இரண்டு டம்ளர் டீ குடித்து, எங்க அண்ணன் எவ்வளவு கஷ்டப்பட்டான் என்று முதலிலிருந்து ஆரம்பித்து, அழுது, மூக்கைச் சிந்தி, ஆறு மணிக்குத் தெம்பாகக் கிளம்பிப் போகிறாள். ஆறுதல் சொல்ல வந்தவளுக்கு ஆறுதல் சொல்லிச் சொல்லியே நான் இளைத்துப்போனேன், டாக்டர் இளைக்கச் சொன்னதுதானே, நல்லதுக்குத்தான்.

ஸ்வெட்டரைப் போடுவதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள். அதன் இரண்டு கையும் ஒரே மாதிரி இல்லை. வெளியே பார்த்தால் தெரியாது, வெளியே எதுவும் தெரியக்கூடாது என்றுதானே உன் அம்மா பாடுபட்டாள். உள்பக்கத்தைத் திருப்பிப் பார். பழுப்புக் கட்டம், வெள்ளைக் கட்டம், ஒவ்வொன்றும் எட்டுக் கண்ணி அகலம், ஊசியில் விழுகிற ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி. பழுப்பில் எட்டுக் கண்ணி பின்னுகிறபோது வெள்ளை நூல் சும்மா பின்னால் கூடவே வர வேண்டும், அதன் முறை வருகிற வரைக்கும். அப்படி வருகிற நூலை நடுவில் ஒரு தடவை, பின்னுகிற நூலோடு குறுக்கே போட்டுப் பிடித்துவிட வேண்டும், பிடிக்காவிட்டால் துணிக்கொடி மாதிரி உள்ளே தொங்கும், கைவிரல் போய் மாட்டும். எனக்குத் தெரியாது என்று நினைக்காதே, நன்றாகத் தெரியும். ஆனால் பிடிக்கிற இடத்தில் பழுப்புக் கட்டத்துக்கு நடுவில் வெள்ளை கடுகளவு எட்டிப்பார்க்கும். அந்தக் கடுகு நாலு பேர் கண்ணில் பட்டுவிட்டால் என் மானம் என்ன ஆவது. அதனால் எட்டுக் கண்ணிக்கும் அப்படியே தொங்கவிட்டேன். வெளிப்பக்கம் ஊருக்கு, உள்பக்கம் அவருக்கு.

குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவர்களுக்கு மேஸ்திரியாக அவர் அதைப் பத்தொன்பது வருஷம் போட்டார். தினம் காலையில் விரல் மாட்டும். உள்ள யாரோ கையைப் பிடிச்சு இழுக்கிறாங்கடி, உங்கப்பாவான்னு பாரு என்பார். இந்த மழை முடியட்டும், பிரித்துப் பின்னித் தருகிறேன் என்பேன். பத்தொன்பது மழை முடிந்தது. நான் சொன்ன சொல் தவறாதவள், எந்த மழை என்றுதான் சொல்லவில்லை.

கிடங்கில் விழுந்து அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த கதை உனக்குத் தெரியும், வலது பக்கம் போனதும் பேச்சு போனதும் தெரியும். இது தெரியாது. அந்த வார்டில் வைத்த ஏசிக்கு அவருடைய கிடங்கே தேவலை, அதனால் ஸ்வெட்டரைக் கொண்டு போனேன். நர்ஸ் வலது கையை நுழைக்கப் பார்த்தாள். விரலை மடக்க அவருக்கு வலு இல்லை, அஞ்சு விரலும் அஞ்சு நூலில் மாட்டிக்கொண்டது. இது என்னம்மா ஸ்வெட்டரா மீன் வலையா என்றாள் அந்தப் பெண். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். உன் அப்பாவும் ஒரு சத்தம் போட்டார், நான் அதைச் சிரிப்பு என்றே வைத்துக்கொண்டேன்.

எனக்கு அப்போதுதான் ரோஷம் வந்தது, பத்தொன்பது வருஷம் எங்கே போயிருந்ததோ. வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து தோள் தையலைப் பிரித்து வலது கையைத் தனியாகக் கழற்றி, முழுக்க அவிழ்த்தேன். பழைய நூல் சுருள்சுருளாக வந்தது, நனைத்து, நாற்காலி முதுகில் போட்டு, சுருள் நிமிர நுனியில் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டேன். இது ஆஸ்பத்திரியா உங்க வீட்டு மாடியா என்று அதற்கும் திட்டு வாங்கினேன். அப்புறம் நாலு கண்ணிக்கு ஒரு தடவை நூலைப் பிடித்தேன், வரிசைக்கு வரிசை பிடிக்கிற இடத்தை மாற்றினேன். ஆனால் எங்கே தொங்கிவிடுமோ என்ற பயத்தில் இழுத்து இழுத்துப் பின்னியதில் கை முழுக்கச் சுருங்கிப்போய் என் கையே நுழையவில்லை. மறுபடி அவிழ்த்தேன், ஒன்றரை நாள் பாழ். அப்போதுதான், எதற்கென்று சொல்லாமல் நான் கேட்டதற்கு நீ வீடியோ அனுப்பினாய், நீளநீளமாக நகம் வளர்த்து அதற்குச் சாயம் பூசின ஒருத்தி, ஊசியில் இருக்கிற கண்ணிகளை நன்றாகப் பரப்பிவிட்டு அதற்கப்புறம் நூலைக் கொண்டு போங்கள் என்றாள். அந்த நகத்தை வைத்துக்கொண்டு இவள் எனக்குச் சொல்ல வந்துவிட்டாளா என்று உன்னிடம் கத்தினேன் அல்லவா. அவள் சொன்னதுதான் சரி. அவளிடம் சொல்லித் தொலைக்காதே.

ஆறாம் நாள் முடித்தேன். கை வழுக்கிக்கொண்டு போனது, இப்பதான் இது ஸ்வெட்டர் என்றாள் நர்ஸ். பரிசு வாங்கினவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் பெரிய டாக்டர் வந்து அதே வலது கையில் விரல்விரலாக ஊசியால் குத்திப் பார்த்தார். அப்பா கண்ணைக்கூட சிமிட்டவில்லை. இந்தக் கைக்கு உணர்ச்சி வராதும்மா என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அம்மாவின் கெட்டிக்காரத்தனம் அப்போதுதான் எனக்கே விளங்கியது. எந்தக் கைக்கு ஒன்றும் தெரியாதோ அந்தக் கைக்குத் தேடிப்பிடித்து நேர்த்தியாகப் பின்னிக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் தெரிகிற இடது கை இன்னும் மீன் வலையிலேயே கிடக்கிறது. நாளைக்கு இடது கையைக் கழற்றலாம் என்று இருந்தேன். நீ வேறு டிக்கெட் எடுத்துவிட்டாய் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் உன் அப்பா எங்கே கிளம்பினாலும் அரைமணி முன்னாடியே போய் நிற்கிற ஆள், நமக்காகக் காத்திருப்பாரா, மறுநாள் மதியமே போய்விட்டார்.

அதற்கப்புறம் மூன்று தடவை ஊசியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இடது கைக்குள்ளே அவர் விரல் இழுத்து இழுத்து நூலெல்லாம் தளர்ந்து கிடக்கிறது, என்னிடம் சொன்னால் மழை முடியட்டும் என்பேன் என்று, அறுந்துபோன ஒன்றை அவரே முடிச்சுப் போட்டிருக்கிறார், செருப்பு வாருக்குப் போடுகிற மாதிரி ஒரு முடிச்சு. அதை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. உன் உத்தரவுக்குப் பயந்து என்று வைத்துக்கொள்.

ஆகவே இடது கையை நுழைக்கிறபோது மோதிரத்தைக் கழற்றிவிட்டு, விரலை மூடிக்கொண்டு நுழை. நூல் அறுந்தால் கட்டு, வெட்டாதே. நகக்காரியின் வீடியோவைப் பார்த்துத் திருத்தக் கிளம்பாதே. வேளைக்குச் சாப்பிடு, மூன்று மணிக்கு மட்டும் கூப்பிடாதே, அத்தை போனைப் பிடுங்கிக்கொள்வாள். எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயசுக்கு நீ நன்றாக இருக்க வேண்டும், உன் அப்பாவின் ஆயுசில் மிச்சம் இருந்தது எல்லாம் உனக்கே வரட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா

கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டப் போனவள் திரும்ப உட்கார்ந்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு டாக்டர் போன பிறகு, அப்பா இடது கையைக் கொண்டுவந்து ஸ்வெட்டரின் வலது மணிக்கட்டுப் பட்டைக்குள் இரண்டு விரலை நுழைத்தார். உள்ளே விட்டு மெதுவாக அங்கேயும் இங்கேயும் தடவினார், ரொம்ப நேரம். என்னைப் பார்க்கவில்லை. என்னங்க என்று நானும் கேட்கவில்லை, கேட்டால் சொல்லப் பேச்சு ஏது. மாட்டுகிற நூல் இப்போது இல்லை என்று தெரிந்துகொண்டாரா, இல்லை, உணர்ச்சி போன கை இன்னும் சூடாக இருக்கிறதா என்று பார்த்தாரா?